கரித்துளைக்குள் புகுந்த மின்சாரம்

மின்சாரத்தைச் சேமித்த கதை: பகுதி 11

ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த ஹோவர்ட் பெக்கர் 1954-இல் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்துக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பினார். குறைந்த வோல்டேஜில் வேலை செய்யும் மின்தேக்கி ஒன்றுக்கான விண்ணப்பம் அது. வழக்கமான அலுமினியத் தகடுகள் அதில் கிடையாது. துளைகள் நிறைந்த இரண்டு கரி மின்முனைகள், அவை மூழ்கிக் கிடக்க ஒரு மின்பகுளி, அவ்வளவுதான். 1957 ஜூலை 23 அன்று காப்புரிமை கிடைத்தது.

அந்த ஆவணத்தில் பெக்கர் எழுதிய ஒரு செய்தியை இந்தத் துறைக்காரர்கள் இன்றும் எடுத்துச் சொல்கிறார்கள். மின்சாரம் சேரும்போது இந்தச் சாதனத்துக்குள் சரியாக என்ன நடக்கிறது என்று தெரியவில்லை, ஆனால் மின்தேக்குத் திறன் மிக மிக அதிகமாக வருகிறது என்று அவர் வெளிப்படையாக எழுதியிருந்தார். கரியின் துளைகளுக்குள் மின்னூட்டம் போய்த் தங்குகிறது என்பது அவருடைய ஊகம். உரிமை கோரும் தாளிலேயே தனக்குத் தெரியாததையும் பதிந்து வைத்த அந்த நேர்மை பெரிது. அதைவிடப் பெரிது, அவர் விட்டுச்சென்ற கேள்வி. கரித்துளைக்குள் நடப்பது என்ன? அதற்கு உருப்படியான விடை கிடைக்க ஏறத்தாழ 50 ஆண்டுகள் ஆயின. அதற்குள் சூப்பர் கெப்பாசிட்டர் என்று பேர்பெற்ற இந்த வகை மின்தேக்கிகள் கோடிக்கணக்கில் செய்யப்பட்டு, விற்கப்பட்டு, கருவிகளுக்குள் உழைத்துத் தேய்ந்தும் போயிருந்தன. செய்யத் தெரிந்தவர்கள் முன்னே போய்விட, காரணம் தேடியவர்கள் வெகுதூரம் பின்னால் வந்த வரலாறு இது.

முந்தைய பகுதிகளில் வந்த லைடன் ஜாடிக்கும் இதற்கும் அடிப்படைக் கணக்கு ஒன்றுதான். எதிரெதிர் மின்னூட்டம் கொண்ட இரண்டு பரப்புகள், நடுவே ஓர் இடைவெளி. பரப்பு கூடினால் தேக்குத் திறன் கூடும். இடைவெளி குறைந்தாலும் கூடும். அதை அளக்கும் அலகு ஃபாரட். அது எவ்வளவு பெரிய அலகு என்பதற்கு ஒரு சான்று: பூமி முழுவதையும் தனியாக நிற்கும் ஒரு கோளமாக எடுத்துக்கொண்டால் அதன் தேக்குத் திறன் 0.00071 ஃபாரட்தான். பழைய ரேடியோப் பெட்டிகளின் மின்தேக்கிகளை மைக்ரோஃபாரட்டில் சொல்லிப் பழகியவர்களுக்கு, பெக்கர் கண்ட அளவுகள் நம்ப முடியாதவையாக இருந்திருக்கும்.

இடைவெளியை எவ்வளவுதான் குறைக்க முடியும்? ஜெர்மானிய இயற்பியலாளர் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதற்கு 1853-லேயே வழிகாட்டிவிட்டார், மின்தேக்கி செய்யும் எண்ணம் எதுவும் இல்லாமலே. ஓர் உலோகத்தைக் கரைசலில் அமிழ்த்தினால் உலோகத்தின் விளிம்பில் ஒரு வகை மின்னூட்டமும், அதை ஒட்டிக் கரைசலில் எதிர் வகை அயனிகளும் அணிவகுக்கும் என்றார். இந்த 'இரட்டை அடுக்கு'க் கருத்தை 1879-இல் விரிவாக எழுதினார். பிறகு பிரான்சின் கூய் 1910-லும் இங்கிலாந்தின் சாப்மன் 1913-லும், அயனிகள் அப்படிக் கட்டுப்பாடாக வரிசையில் நிற்பதில்லை, வெப்பத்தால் கலைந்து பரவி நிற்கின்றன என்று திருத்தினார்கள். ஓட்டோ ஸ்டெர்ன் 1924-இல் இரண்டையும் இணைத்தார். ஆக, இயற்கையே ஒரு மின்தேக்கியைச் செய்து வைத்திருக்கிறது. அதன் இடைவெளி ஒரு நானோமீட்டருக்கும் குறைவு. மனிதன் உருட்டித் தட்டும் எந்தத் தகடும் எந்தத் தாளும் அந்த மெல்லிமையை எட்டாது.

இடைவெளி இயற்கையின் கொடை என்றால், தேட வேண்டியது பரப்பு மட்டுமே. இரட்டை அடுக்கில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 10 மைக்ரோஃபாரட் கிடைக்கும். 100 ஃபாரட் வேண்டும் என்றால் 1000 சதுர மீட்டர் பரப்பு தேவை. அவ்வளவு பரப்பை உள்ளங்கைக்குள் எப்படி அடக்குவது?

கரியால் முடியும். நன்றாகப் பதப்படுத்திய கரி ஒரு கிராமுக்குள் 1500 சதுர மீட்டர் உட்பரப்பு இருக்கிறது. சென்னையில் மனை விற்பவர் கணக்கில் சொன்னால், ஒரு சிட்டிகைக் கரித்தூளுக்குள் ஆறரை கிரவுண்டு நிலம்.

இப்படிப்பட்ட கரியை பெக்கரோ அவருக்குப் பின் வந்தவர்களோ கண்டுபிடிக்கவில்லை. அதை அவர்களுக்குக் கொடுத்தது முதல் உலகப் போர். 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ரெ போர்முனையில் ஜெர்மன் படை குளோரின் வாயுவைத் திறந்துவிட்டது. அதே ஆண்டு ரஷ்யாவில் நிக்கொலாய் ஸெலின்ஸ்கி, கரி அடைத்த முகமூடியால் நச்சு வாயுவைத் தடுக்கலாம் என்று காட்டினார். எந்தக் கரி நல்லது என்று எல்லா நாடுகளும் தேடின. கடினமான சிரட்டையைச் சுட்டு எடுத்த கரியே உயர்ந்தது என்று தெரிந்தது. அமெரிக்காவில் தேங்காய்ச் சிரட்டை போதாமல் போனபோது, 1918-இல் பீச் பழக்கொட்டைகளையும் வால்நட் ஓடுகளையும் வீடு வீடாகச் சேகரிக்கும் இயக்கமே நடந்தது. பள்ளிப் பிள்ளைகள் கொட்டைகளைப் பொறுக்கிச் சேர்த்துக் கொடுத்தார்கள்.

சாதாரணக் கரியில் துளைகள் அடைபட்டுக் கிடக்கும். அதைச் சுமார் 900 டிகிரி வெப்பத்தில் நீராவியில் காட்டினால், கரியின் ஒரு பகுதி நீராவியோடு வினைபுரிந்து கார்பன் மோனாக்சைடாகவும் ஹைட்ரஜனாகவும் வெளியேறிவிடும். அது இருந்த இடம் துளையாகும். இதைக் கரியைக் 'கிளர்த்துதல்' என்பார்கள். ரஃபேல் ஃபான் ஒஸ்ட்ரெய்கோ 1900-களின் தொடக்கத்திலேயே இதற்குக் காப்புரிமை பெற்றிருந்தார். எரித்து இழப்பதில்தான் பரப்பு பிறக்கிறது. அதிகம் எரித்தால் துளைகள் ஒன்றோடொன்று கலந்து பெரிதாகி, கடைசியில் சாம்பல்தான் மிஞ்சும். எந்தக் கணத்தில் நிறுத்துவது என்பது சூளைக்காரர்களின் கைப்பக்குவம். சிரட்டை இதற்கு ஏன் இவ்வளவு பொருந்துகிறது என்றால், அது அடர்த்தியானது, லிக்னின் நிறைந்தது. மரக்கரியில் பெரிய குழாய்கள் போன்ற துளைகள் மிகுதி. சிரட்டைக் கரியில் 2 நானோமீட்டருக்குக் கீழ்ப்பட்ட நுண்துளைகள் மிகுதி.

பரப்பை அளக்கவும் ஒரு முறை வந்தது. 1938-இல் புரூனவர், எம்மெட், டெல்லர் மூவரும் மைனஸ் 196 டிகிரியில் நைட்ரஜன் வாயுவைக் கரியின் மேல் படியவிட்டு, படிந்த அளவிலிருந்து பரப்பைக் கணக்கிடும் வழியைத் தந்தார்கள். எட்வர்ட் டெல்லர் பின்னாளில் ஹைட்ரஜன் குண்டுக்காகப் பேர்பெற்றார். ஆனால் உலகெங்கும் பொருளறிவியல் கூடங்களில் நாள்தோறும் உச்சரிக்கப்படுவது இந்த மூவரின் முதலெழுத்துகளால் ஆன பெட் அளவுதான். ஒரு கிராமுக்கு இத்தனை சதுர மீட்டர் என்ற அந்த எண் கைக்குக் கிடைத்த பிறகு, பல பத்தாண்டுகள் எல்லோரும் அந்த ஒற்றை எண்ணின் பின்னாலேயே போனார்கள். அதன் விளைவு பின்னால் வரும்.

பெக்கரின் சாதனம் சந்தைக்கு வரவில்லை. மின்முனைகள் பாத்திரம் நிறைய மின்பகுளியில் மூழ்கியிருக்க வேண்டிய அமைப்பு, நடைமுறைக்கு உதவவில்லை. அடுத்த அடியை எடுத்து வைத்தது ஓர் எண்ணெய் நிறுவனம். அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில் இயங்கிய ஸ்டாண்டர்டு ஆயில் ஆஃப் ஓஹாயோ, சுருக்கமாக சோஹாயோ, 1960-களில் எரிபொருள் மின்கலங்களை ஆராய்ந்துகொண்டிருந்தது. அங்கே பணியாற்றிய ராபர்ட் ரைட்மயர் 1962-இல் விண்ணப்பித்து 1966 நவம்பரில் ஒரு காப்புரிமை பெற்றார். கரிக்கும் மின்பகுளிக்கும் இடையே உள்ள இரட்டை அடுக்கில்தான் மின்னூட்டம் தங்குகிறது என்று தெளிவாகச் சொன்ன ஆவணம் அது. பெக்கர் தெரியவில்லை என்ற இடத்தில் ரைட்மயர் ஹெல்ம்ஹோல்ட்ஸைக் கொண்டுவந்து நிறுத்தினார். அவருடைய சக பணியாளர் டொனால்டு பூஸ், கரித்தூளை மின்பகுளியோடு பசையாகக் குழைத்துத் தட்டையான வில்லைகளாக்கும் வடிவத்துக்கு 1970-இல் காப்புரிமை பெற்றார். இன்று கைக்கடிகார பேட்டரி போலத் தெரியும் வில்லை வடிவ மின்தேக்கிகளுக்கு அதுவே முன்னோடி.

ஆனால் சோஹாயோவால் அதை விற்க முடியவில்லை. எண்ணெய் விற்கும் நிறுவனத்துக்கு இந்தச் சிறு வில்லையை யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது என்று புலப்படவில்லை. 1971-இல் உரிமத்தை ஜப்பானின் என்இசி நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டது. தேவை இருந்த இடம் ஜப்பான். மின்னணுக் கருவிகளுக்குள் நினைவகச் சில்லுகள் புகுந்துகொண்டிருந்த காலம். கரண்ட் போனால் நினைவகத்தில் உள்ளது அழிந்துவிடும். சில நிமிடமோ சில மணி நேரமோ மிகச் சிறிய மின்னோட்டத்தைக் கொடுத்துத் தாங்கிப்பிடிக்க ஏதாவது வேண்டும். பேட்டரி வைத்தால் சில ஆண்டுகளில் மாற்ற வேண்டும். கரி வில்லையை மாற்றவே வேண்டாம். என்இசி அதைச் சூப்பர் கெப்பாசிட்டர் என்ற வணிகப் பெயரில் விற்றது. பெயர் பிறகு பொதுவாகிவிட்டது. மட்சுஷிடா நிறுவனம் 1978-இல் கோல்டு கெப்பாசிட்டர் என்ற பெயரில் தன் வகையைக் கொண்டுவந்தது.

இரண்டு நிறுவனங்களும் மின்பகுளியில் பிரிந்தன. என்இசி கந்தக அமிலக் கரைசலை வைத்துக்கொண்டது. தண்ணீர் 1.23 வோல்ட்டைத் தாண்டினால் ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாகப் பிரியத் தொடங்கும். அதனால் ஒரு கலத்தில் ஏறக்குறைய ஒரு வோல்ட்தான். பல கலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தேவையான வோல்டேஜை எட்ட வேண்டும். மட்சுஷிடா தண்ணீர் கலக்காத கரிமக் கரைப்பானை எடுத்தது. இன்றைய கரிமக் கரைப்பான் கலங்கள் 2.7 வோல்ட் வரை தாங்குகின்றன. சேமிக்கும் ஆற்றல் வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவது என்பதால், 1 வோல்ட் 2.7 ஆனால் ஆற்றல் 7 மடங்குக்கு மேல் போகும். பின்னாளில் கரிமக் கரைப்பான் பக்கம் தொழில் முழுவதும் சாய்ந்ததற்கு இந்த வர்க்கமே காரணம்.

இதற்கிடையில் கனடாவின் ஒட்டாவா பல்கலைக்கழகத்தில் பிரையன் கான்வே வேறொரு பாதையைத் திறந்தார். 1975 முதல் ருத்தேனியம் ஆக்சைடில் அவர் ஆராய்ந்தது, பரப்பின் மேலேயே நடக்கும் வேகமான வேதிவினையால் மின்னூட்டத்தைச் சேமிப்பது. கரியைவிடப் பல மடங்கு தேக்குத் திறன் அதில் கிடைத்தது. விலைதான் இடித்தது, ருத்தேனியம் பிளாட்டினக் குடும்பத்தைச் சேர்ந்த அரிய உலோகம். ராணுவக் கருவிகளைத் தாண்டி அது பெரிதாகப் பரவவில்லை. ஆனால் 1999-இல் கான்வே எழுதிய நூல் இந்தத் துறைக்கு முதல் முழுப் பாடநூலாக அமைந்தது. அவருடைய பாதை தனி அத்தியாயத்துக்கு உரியது. இங்கே கரியோடு போவோம்.

1990-களில் அமெரிக்க எரிசக்தித் துறை மின்வாகனங்களுக்காக இந்தச் சாதனத்தில் பணம் போட்டது. சான் டியாகோவின் மேக்ஸ்வெல் நிறுவனம் கை நிறையப் பிடிக்கும் அளவுக்குப் பெரிய கலங்களைச் செய்தது. செய்முறை இன்றும் பெரிதாக மாறிவிடவில்லை. கரித்தூளோடு கொஞ்சம் கடத்தும் கரும்புகைக் கரியும் ஒட்டுவதற்குச் சிறிது பாலிமரும் சேர்த்து, அலுமினியத் தாளின் மேல் ஏற்றி, நடுவே தடுப்புத் தாள் வைத்துப் பாய் போலச் சுருட்டி, உருளைக்குள் அடைத்து, மின்பகுளி ஊற்றி மூடுவார்கள். அப்படிச் செய்த 3000 ஃபாரட் கலம் ஒன்றின் எடை சுமார் அரை கிலோ. 2.7 வோல்ட்டில் அது சேமிப்பது 3 வாட்-மணி. அதே எடையுள்ள லித்தியம் பேட்டரி இதைப்போல் 20 மடங்குக்கும் மேல் சேமிக்கும். ஆனால் பேட்டரி நிரம்ப மணிக்கணக்காகும், சில ஆயிரம் முறை நிரப்பினால் ஓய்ந்துவிடும். இது நொடிகளில் நிரம்பும். 10 லட்சம் முறை நிரப்பிக் காலி செய்யலாம். வேதிவினை இல்லை, அயனிகள் வந்து ஒட்டுகின்றன, விலகுகின்றன. அதனால் தேய்மானம் குறைவு.

குறை தெரிந்துவிட்டது: சேமிப்பு போதாது. தீர்வும் தெரிந்ததாகவே எல்லோரும் நினைத்தார்கள்: பரப்பைக் கூட்டு. 2000, 2500, 3000 சதுர மீட்டர் என்று பெட் எண்ணைத் தூக்கிக்கொண்டே போனார்கள். நீராவி போதாதென்று பொட்டாசியம் ஹைட்ராக்சைடோடு சேர்த்துச் சுட்டார்கள். பரப்பு கூடியது, தேக்குத் திறன் அதே கணக்கில் கூடவில்லை. ஒரு கட்டத்துக்கு மேல் நின்றேபோனது. இரண்டு கரிகளுக்குப் பரப்பு ஒன்றாக இருந்தும் ஒன்று நன்றாகச் சேமித்தது, மற்றொன்று சேமிக்கவில்லை.

இதற்கு அன்றைய விளக்கம் எளிமையானது, கேட்டவுடன் ஒப்புக்கொள்ளத் தக்கது. கரைப்பானில் அயனி தனியாக அலைவதில்லை. கரைப்பான் மூலக்கூறுகள் அதைச் சூழ்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும். தொழிலில் அதிகம் பயன்படும் டெட்ராஎதில் அம்மோனியம் அயனியின் அளவு 0.67 நானோமீட்டர். அசிட்டோநைட்ரைல் கரைப்பானில் அந்தப் போர்வையோடு சேர்த்தால் 1.3 நானோமீட்டர். எனவே 1 நானோமீட்டருக்குச் சிறிய துளைக்குள் அது நுழையாது. நைட்ரஜன் வாயு நுழைந்து அளந்துவிட்டு வருகிற அந்தப் பரப்பெல்லாம் மின்சாரத்துக்கு வீண். அயனியும் அதன் போர்வையும் இரு சுவர்களிலும் தாராளமாக நிற்க 2 முதல் 5 நானோமீட்டர் துளை வேண்டும். ஆராய்ச்சிக்கூடங்கள் இதை நம்பி, சிலிக்கா அச்சுகளுக்குள் கரியை வார்த்து, சீரான பெருந்துளைகள் கொண்ட அழகிய கரிகளைச் செய்தன. அவை வேகமாக இயங்கின. சேமிப்பு மட்டும் ஏறவில்லை.

திருப்பம் 2006-இல் வந்தது. உக்ரைனில் பிறந்து அமெரிக்காவின் பிலடெல்பியாவில் டிரெக்செல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் யூரி கோகோட்ஸியின் குழுவும், பிரான்சின் துலூஸ் நகரில் பாட்ரிஸ் சிமோனின் குழுவும் கைகோத்தன. அவர்களிடம் மற்றவர்களிடம் இல்லாத ஒரு கரி இருந்தது. டைட்டானியம் கார்பைடை எடுத்து அதன்மேல் சூடான குளோரின் வாயுவைச் செலுத்தினால், டைட்டானியம் குளோரைடாகி ஆவியாகப் போய்விடும். படிகத்தில் டைட்டானியம் இருந்த இடமெல்லாம் வெற்றிடமாக, கரி மட்டும் எஞ்சும். இந்த வகை வினை புதியதும் அல்ல. சிலிக்கன் கார்பைடைக் குளோரினால் உடைப்பதற்கு 1918-லேயே அமெரிக்காவில் காப்புரிமை இருந்தது. அன்று வேண்டியிருந்தது சிலிக்கன் டெட்ராகுளோரைடு. எஞ்சிய கரி கழிவு.

கோகோட்ஸிக்கு அந்தக் கழிவில்தான் ஆர்வம். ஏனெனில் சூளையின் வெப்பத்தை மாற்றினால் துளையின் அளவும் மாறும், அதுவும் நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான படிகளில். 500 டிகிரியில் ஏறத்தாழ 0.7 நானோமீட்டர், 1000 டிகிரியில் 1.1. சிரட்டைக் கரியில் சிறியதும் பெரியதுமாகத் துளைகள் கலந்து கிடப்பதால் எது வேலை செய்கிறது என்று பிரித்துச் சொல்லவே முடியாது. இங்கே ஒவ்வொரு மாதிரியிலும் கிட்டத்தட்ட ஒரே அளவுத் துளைகள். இத்தனை காலம் இல்லாத அளவுகோல் அது.

அளந்து பார்த்தார்கள். 1000 டிகிரியில் செய்த கரிக்குப் பரப்பு அதிகம். பழைய கணக்குப்படி அதுதான் அதிகம் சேமிக்க வேண்டும். 500, 600 டிகிரியில் செய்த, பரப்பு குறைந்த, துளை மிகச் சிறிய கரிகள் அதைத் தாண்டிச் சென்றன. துளை 1 நானோமீட்டருக்குக் கீழே இறங்க இறங்க, ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் சேமிக்கும் அளவு சரசரவென்று ஏறியது. அயனி நுழையவே முடியாது என்று பாடநூல்கள் சொன்ன துளைகளில்தான் அயனிகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. 'சயின்ஸ்' இதழில் அந்த ஆண்டு வெளியான கட்டுரை இதற்குச் சொன்ன காரணம்: துளைக்குள் நுழையும்போது அயனி தன் கரைப்பான் போர்வையைக் கழற்றிப் போட்டுவிடுகிறது, முழுதாக இல்லாவிட்டாலும் பெரும்பகுதியை. போர்வை போனதும் அயனியின் மையம் கரிச்சுவருக்கு இன்னும் அருகில் வருகிறது. இடைவெளி குறைகிறது. தேக்குத் திறன் கூடுகிறது. லைடன் ஜாடி நாளிலிருந்து வரும் அதே விதிதான்.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. துளையளவை வாயு கொண்டு அளப்பதில் பிழை இருக்கலாம் என்றார்கள் சிலர். அதற்கு 2008-இல் துலூஸும் பிலடெல்பியாவும் சேர்ந்து ஒரு கூர்மையான சோதனை செய்தன. கரைப்பானே இல்லாத, அயனிகளால் மட்டுமே ஆன திரவத்தை மின்பகுளியாக வைத்தார்கள். போர்வையே கிடையாது, அயனியின் அளவு மட்டும்தான். துளை சுமார் 0.7 நானோமீட்டராக இருந்தபோது, அதாவது அயனியும் துளையும் ஏறக்குறைய ஒரே அளவாக இருந்தபோது, தேக்குத் திறன் உச்சம் தொட்டது. அதைவிடப் பெரிதானாலும் குறைந்தது, சிறிதானாலும் குறைந்தது. இந்த ஒற்றை வரைபடத்தைத்தான் இந்த முழு வரலாற்றின் நடுநாயகமாகச் சொல்ல வேண்டும். இரண்டு சுவர், நடுவே கலைந்து நிற்கும் அயனிக் கூட்டம் என்ற நூறாண்டுப் படம் இந்தத் துளைக்குள் செல்லாது. அங்கே கூட்டத்துக்கு இடமே இல்லை, ஒற்றை வரிசைதான்.

ஒரே வகை மின்னூட்டம் கொண்ட அயனிகள் எப்படி அவ்வளவு நெருக்கத்தில் ஒன்றையொன்று தள்ளாமல் நிற்கின்றன? லண்டனில் அலெக்ஸி கோர்னிஷேவும் ஸ்வியடோஸ்லாவ் கோண்ட்ராட்டும் 2011-இல் கோட்பாட்டு விடை தந்தார்கள். கரிச்சுவர் மின்சாரத்தைக் கடத்துவது. அயனி அருகில் வந்ததும் சுவரில் எதிர் மின்னூட்டம் தூண்டப்பட்டு அதை மூடி மறைக்கிறது. அதனால் பக்கத்து அயனிக்கு இதன் தள்ளுவிசை எட்டுவதில்லை. கடத்தும் குறுகிய துளைக்குள் மின்விசையின் வழக்கமே மாறிவிடுகிறது. 2017-இல் எக்ஸ்-கதிர்ச் சிதறல் ஆய்வுகள், இத்தகைய துளைக்குள் நேர், எதிர் என்று மாறி மாறி நிற்கும் அயனி ஒழுங்கு குலைவதைக் காட்டின. பெக்கரின் கேள்விக்கு இப்படித்தான் விடை துண்டு துண்டாக வந்துசேர்ந்தது.

தொழில் இதற்காகக் காத்திருக்கவில்லை. அந்தக் கட்டுரை வந்த அதே 2006-இல் ஷாங்காயின் 11-ஆம் தடத்தில் சூப்பர் கெப்பாசிட்டரில் ஓடும் பேருந்துகள் வந்துவிட்டன. நிறுத்தத்தில் ஆட்கள் ஏறி இறங்கும் நேரத்தில் கூரையிலிருந்து ஒரு கை நீண்டு மேல்கம்பியைத் தொட்டு மின்சாரம் ஏற்றிக்கொள்ளும். அடுத்த சில நிறுத்தங்கள் வரை அது போதும். ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் 2003 முதல் ஒரு டிராம் வண்டியில், பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலைக் கரித்துளைகளில் பிடித்து மீண்டும் கிளம்பும்போது கொடுத்துப் பார்த்தார்கள். ஏர்பஸ் ஏ380 விமானத்தின் அவசரக் கதவுகளுக்கும், புயலில் காற்றாலை இறக்கைகளைத் திருப்பி நிறுத்தும் பொறிகளுக்கும் இவை போயின. பேட்டரி குளிரில் விறைத்துப்போகும் இடங்களில் இவற்றின் மதிப்பு தனி.

இத்தனைக்கும் அடியில் இருப்பது சிரட்டை. டைட்டானியம் கார்பைடுக் கரி ஆய்வாளருக்கு உண்மையைக் காட்டியது. எஸ்தோனியாவின் ஸ்கெலிட்டன் நிறுவனம் அந்த வகைக் கரியைத் தொழிலாகவும் நடத்துகிறது. ஆனால் உலகச் சந்தையின் பெரும்பங்கு இன்னும் தேங்காய்ச் சிரட்டைக் கரியிடம்தான். உலகின் ஆய்வுக்கூடங்களில் ஒப்பீட்டுக்கு எடுத்து வைக்கும் ஜப்பானின் குராரே நிறுவனத்து வைபி-50எஃப் என்ற கரித்தூளும் சிரட்டையிலிருந்து வருவதே. இலங்கையில் 1973-இல் தொடங்கிய ஹேகார்ப் நிறுவனம், தண்ணீர் வடிகட்டும் கரியில் ஆரம்பித்து இன்று மின்தேக்கிக்கான கரியும் செய்கிறது. தமிழ்நாட்டில் காங்கேயம் வட்டாரத்துக் கொப்பரை உலர்களங்களில் குவியும் தேங்காய்த் தொட்டி, பக்கத்திலேயே சுடப்பட்டுத் தொட்டிக்கரியாகி, கிளர்த்தும் ஆலைகளுக்குப் போய், அங்கிருந்து வெளிநாட்டுக்குக் கப்பலேறுகிறது.

வடிகட்டும் கரிக்கும் மின்தேக்கிக் கரிக்கும் இடையில் நீண்ட தூரம் உண்டு. சிரட்டையில் இயல்பாக உள்ள பொட்டாசியமும், சூளையிலும் அரவையிலும் வந்து சேரும் இரும்புத் துகளும் 2.7 வோல்ட்டில் மின்பகுளியைச் சிதைத்து வாயுவாக்கி, கலத்தை ஊதச் செய்துவிடும். அமிலத்தில் கழுவி, திரும்பத் திரும்ப அலசி, கரியின் ஓரங்களில் ஒட்டியிருக்கும் ஆக்சிஜன் தொகுதிகளை வெப்பத்தால் அகற்றி, சில மைக்ரான் அளவுக்கு அரைக்க வேண்டும். விலையின் பெரும்பகுதி இந்தக் கடைசிக் கட்டங்களில்தான் சேர்கிறது. முதல் கட்டத்தின் கெடுதலோ சிரட்டை விளையும் ஊர்களில் தங்கிவிடுகிறது. குழியில் சுடும்போது எழும் புகையாலும் கரியை அணைக்கும் நீராலும் நிலமும் கிணறும் கெடுவதாகத் திருப்பூர் மாவட்ட விவசாயிகள் பல ஆண்டுகளாகக் குரல் கொடுத்துவருகிறார்கள். பசுமை ஆற்றலின் பெயரில் விற்கப்படும் ஒரு பொருளின் தொடக்கம் இப்படி இருக்கக் கூடாது. புகையை எரித்து அந்த வெப்பத்தையே கிளர்த்தும் சூளைக்குத் திருப்பும் மூடிய அமைப்புகள் உலகில் உள்ளன. அவற்றைச் சிறு சூளைக்காரர்களுக்கும் எட்டும்படி செய்வதில் அரசுக்கும் வாங்கும் நிறுவனங்களுக்கும் பொறுப்பு இருக்கிறது.

துளை பற்றிய வாதமும் ஓய்ந்துவிடவில்லை. 2024-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் அலெக்சாண்டர் ஃபோர்ஸும் கிளேர் கிரேயும் அடங்கிய குழு, கடையில் விற்கும் 20 வகை நுண்துளைக் கரிகளை வாங்கிச் சோதித்தது. துளையளவுக்கும் தேக்குத் திறனுக்கும் அவற்றில் தெளிவான தொடர்பு எதுவும் தென்படவில்லை. அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு முறையில் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. கரிச்சுவர்கள் கிராஃபீன் போன்ற சிறு தகடுகளால் ஆனவை. அந்தத் தகடுகள் எவ்வளவு சிறியனவாக, எவ்வளவு ஒழுங்கற்றுக் கிடக்கின்றனவோ அவ்வளவு அதிகமாகக் கரி சேமித்தது. ஒழுங்கின்மையே தேக்குத் திறனைத் தீர்மானிக்கிறது என்று அவர்கள் அதே 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள்.

அப்படியானால் 2006-இன் முடிவு தவறா? கார்பைடுக் கரியில் சூளை வெப்பம் குறையும்போது துளை மட்டும் சுருங்குவதில்லை. சுவரின் ஒழுங்கும் சேர்ந்தே குலைகிறது. இரண்டில் எது காரணம், எது உடன்வந்தது என்று அன்றைய கருவிகளால் பிரித்திருக்க முடியாது. துளையளவைப் பொறுத்தவரை, அயனிக்குப் பொருந்தும் குறுந்துளை உதவுகிறது என்பதைக் கரைப்பானற்ற திரவச் சோதனை வலுவாகவே காட்டியிருக்கிறது. சுவரைப் பற்றி இனிதான் அதே அளவு கவனத்தோடு அளக்க வேண்டும். ஒரே துளையளவும் வெவ்வேறு ஒழுங்கும் கொண்ட கரிகளைச் செய்து காட்டுபவர் யாரோ, அவர் கையில்தான் அடுத்த விடை.

துளைகள் மட்டுமே கொண்ட இந்தக் கரி மின்முனையை ஒரு பக்கமும், லித்தியத்தை உள்வாங்கும் பேட்டரி மின்முனையை மறுபக்கமும் வைத்தால் சேமிப்பு எவ்வளவு கூடும் என்ற கேள்வியை ஜப்பானியப் பொறியாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கலப்பினத்தின் கதை அடுத்த பகுதியில்.

(தொடரும்)